ஃப்ரீ சர்வீஸ் முடிந்த காரும், பயந்து போன ஓனரும்

கார் வாங்கிய முதல் சில வருஷம் ஓனருக்கு மகாராஜா வாழ்க்கை. சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வரும். "சார், வண்டி சர்வீஸ் டியூ ஆயிடுச்சு. எடுத்துட்டு வர டிரைவர் அனுப்பட்டுமா?" டிரைவர் வருவார், வண்டி போகும், சாயங்காலம் குளித்து முழுகி பளபளவென்று திரும்பி வரும். பானெட்டைத் திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்றுகூட ஓனருக்குத் தெரியத் தேவையில்லை.

பிறகு ஒருநாள் ஒரு மெசேஜ் வரும். உங்கள் மெயின்டனன்ஸ் பிளான் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பித்துக் கொள்ளுங்கள் என்று. அன்றைக்குத்தான் குழப்பம் ஆரம்பம்.

டீக்கடையில் கேட்டால் இரண்டு கட்சி இருக்கும். "கம்பெனிக்கு விட்டா கொள்ளை அடிப்பான், தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட விடு" என்பது ஒரு கட்சி. "வெளியில கை வச்சா வாரண்டி போயிடும், வண்டியும் போயிடும்" என்பது இன்னொரு கட்சி. இந்தச் சண்டை கார் இருக்கும் வரை முடியாது. ஆனால் இந்த இரண்டையும் விடப் பெரிய மூன்றாவது கட்சி ஒன்று சத்தமே இல்லாமல் இருக்கிறது. "வண்டி நல்லாத்தானே ஓடுது? ஏதாவது வந்தா பாத்துக்கலாம்" என்பதுதான் அதன் கொள்கை. பிளான் முடிந்த கார்களை உண்மையில் கெடுப்பது இந்த மூன்றாவது கட்சிதான். கம்பெனியா வெளியா என்ற சண்டையில் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

பிளான் என்பது என்ன?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். ஃப்ரீ சர்வீஸ், வாரண்டி, மெயின்டனன்ஸ் பிளான் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்பவர்கள் அதிகம்.

ஃப்ரீ சர்வீஸ் என்றால் வேலைக்கூலி மட்டும்தான் இலவசம். ஆயில், ஃபில்டர் எல்லாவற்றுக்கும் காசு உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் முதல் மூன்று சர்வீஸ்கள் இப்படி இருக்கும். வாரண்டி என்பது தயாரிப்புக் கோளாறுக்குக் கம்பெனி கொடுக்கும் உத்தரவாதம். உதாரணத்துக்கு, மாருதி 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்று இருந்த வாரண்டியை 2024 ஜூலையில் 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. தேய்ந்து போகும் பிரேக் பேடு, கிளட்ச், வைப்பர் இதற்கெல்லாம் வாரண்டி பொருந்தாது. மெயின்டனன்ஸ் பிளான் மூன்றாவது ரகம். இத்தனை வருஷத்துக்கு, இத்தனை கிலோமீட்டருக்கு, இன்னின்ன வேலை என்று முன்கூட்டியே பணம் கட்டி வாங்குவது.

முன்பணம் கட்டினால் விலை ஏற்றத்திலிருந்து தப்பிக்கலாம் என்றுதான் பிளானை விற்பார்கள். உண்மைதான். ஆனால் பிளானின் பெரிய லாபம் அதுவல்ல. அது ஒரு காலண்டர். ஓனர் மறந்தாலும் அவர்கள் மறப்பதில்லை. காசு ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, கம்ப்யூட்டரில் தேதி இருக்கிறது, போன் வருகிறது. பிளான் முடியும்போது போவது சலுகை மட்டுமல்ல, அந்தக் காலண்டரும்தான். வீட்டில் அதை எடுத்து மாட்ட ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினையே.

நல்லாத்தானே ஓடுது?

கார் ஒரு விசித்திரமான பிராணி. பசித்தால் கத்தாது. ஆயில் கெட்டுப் போனாலும் ஓடும். கூலன்ட் கெட்டுப் போனாலும் ஓடும். பிரேக் ஆயில் கெட்டுப் போயிருந்தாலும் பிரேக் பிடிக்கும், பிடிக்காமல் போகும் அந்த நாள் வரைக்கும்.

பிரேக் ஆயிலையே எடுத்துக் கொள்ளலாம். அதன் இயல்பே காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சுவது. புதிய டாட் 4 ரகம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் எதிர்பார்க்கப்படும் அளவே 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205-லிருந்து 140. அதனால்தான் பல கம்பெனிகள் கிலோமீட்டரைப் பார்க்காமல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன.

ஊருக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டு 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது தெரியும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்க மிதிக்க டிஸ்க் கொதிக்கிறது, சூடு காலிப்பர் வழியாக ஆயிலுக்குப் போகிறது. ஆயிலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். கால் மிதி அடிவரைக்கும் போகும், வண்டி நிற்காது. கீழ் கியரில் இறங்கத் தெரிந்த டிரைவர் தப்பிப்பார். நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர் கதி அதோகதி. சில நூறு ரூபாய் ஆயில், கொஞ்சம் கூலி. அதை மாற்றாமல் விட்டதற்குக் காரணம் பணம் இல்லை. யாரும் ஞாபகப்படுத்தவில்லை, அவ்வளவுதான்.

கூலன்ட் கதையும் இதேதான். அது வெறும் பச்சைத் தண்ணீர் இல்லை. துருப்பிடிக்காமல் காக்கும் ரசாயனம் அதில் இருக்கிறது, காலப்போக்கில் அது தீர்ந்து போகும். அளவு குறைந்திருக்கிறதே என்று போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் உப்பு போய் ரேடியேட்டரில் படியும். அதன் விளைவு மே மாத வெயிலில் டிராஃபிக்கில் நிற்கும்போது தெரியும். டெம்பரேச்சர் முள் மேலே போகும், அதையும் கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும்.

டைமிங் பெல்ட் இன்னும் மோசம். எல்லாக் காரிலும் அது கிடையாது, பலவற்றில் செயின் இருக்கும். பெல்ட் இருக்கும் வண்டியில் அது ரப்பர். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். அந்தத் தேதி பெரும்பாலும் பிளான் முடிந்த பிறகுதான் வரும்! பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக் கொள்ளும். ஒரு பெல்ட் செலவுக்குப் பயந்தவர் இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

"எது முதலில் வருகிறதோ" என்ற அந்த மூன்று வார்த்தையை யாரும் படிப்பதில்லை. வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, அதனால் ஆயில் மாற்றத் தேவையில்லை என்று நினைக்கும் ஓய்வுபெற்ற பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போகும் காரில் இன்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் சேர்ந்து கொண்டே போகும். குறைவாக ஓடும் கார் நன்றாக இருக்கும் என்பது பாதி உண்மைதான். பல மேனுவல்களில் கடினமான சூழ்நிலைக்கு என்று தனி அட்டவணையே இருக்கும். தூசி, நின்று நின்று போகும் டிராஃபிக், குறுகிய தூர ஓட்டம். சென்னை அண்ணா சாலையில் ஆபீஸ் போய் வரும் கார் இந்தப் பட்டியலில் எல்லாவற்றிலும் பாஸ்!

கம்பெனிக்காரன் வில்லனா?

சர்வீஸ் சென்டரைத் திட்டுவது சுலபம். ஆனால் நியாயமாகப் பார்த்தால் அங்கே சில நல்ல விஷயங்கள் உண்டு. அந்த மாடலுக்கான ஸ்கேனர் இருக்கும். சாஃப்ட்வேர் அப்டேட் வரும். கம்பெனி ஏதாவது ஒரு பார்ட்டைத் திரும்பப் பெற்றால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அதற்குப் பிளான் இருக்க வேண்டும் என்பதில்லை. எல்லாவற்றுக்கும் பில் உண்டு.

சிக்கல் ஜாப் கார்டில் இருக்கிறது. பிளான் இருந்தவரை என்ன வேலை என்பது முன்பே முடிவானது. பிளான் முடிந்ததும் அது வெற்றுப் பேப்பர். அட்வைசர் எழுத ஆரம்பிப்பார். இன்ஜின் டீகார்பனைசிங், இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனர், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், அடிப்பாகத்துக்கு ஆன்டி ரஸ்ட், பெயின்டுக்கு டெஃப்லான் கோட்டிங், உள்ளே நறுமணம்... கல்யாண மெனு மாதிரி நீளும். இதில் சிலவற்றுக்குச் சில வண்டிகளில் தேவை இருக்கலாம். கடற்கரை ஊர்க் காருக்குத் துரு ஒரு உண்மையான எதிரிதான். ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பாலானவை கம்பெனியின் சொந்த மேனுவலில் கட்டாய வேலையாக இருக்காது. அதே சமயம் மேனுவல் சொல்லும் பிரேக் ஆயில் அந்த மெனுவில் விட்டுப் போவதும் உண்டு. வாசனைக்குக் காசு கட்டிவிட்டு, பிரேக்கை மறந்து வீட்டுக்கு வருகிறார் ஓனர்.

இதற்கு அட்வைசரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? விற்பது அவர் வேலை. வாங்க வருபவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதது யார் தப்பு? மளிகைக் கடைக்குச் சீட்டு இல்லாமல் போகாத மனிதர், பத்து லட்ச ரூபாய் காரை மட்டும் "நீங்களே பாத்துப் பண்ணுங்க சார்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறார்!

மெக்கானிக் அண்ணன் மட்டும் தெய்வமா?

தெருமுனை மெக்கானிக்கிடம் ஒரு வசதி உண்டு. கை வைக்கிறவரிடமே பேசலாம். கழற்றிய பார்ட்டைக் கண்ணால் பார்க்கலாம். "இது இன்னும் ஆறு மாசம் தாங்கும்ணே, இப்ப மாத்தாதீங்க" என்று சொல்லும் மனசு அங்கேதான் இருக்கிறது. கூலியும் குறைவு.

பார்ட்ஸ் விஷயத்திலும் ஒரு ரகசியம் இருக்கிறது. கார் கம்பெனி பெட்டியில் வரும் எல்லாப் பார்ட்டையும் கார் கம்பெனி செய்வதில்லை. சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா போன்ற தொழிற்சாலைகள் கார் கம்பெனிகளுக்கும் சப்ளை செய்கின்றன, தங்கள் சொந்தப் பெயரிலும் கடைகளில் விற்கின்றன. ஆக, வெளியில் வாங்கினாலே டூப்ளிகேட் என்பது கட்டுக்கதை. சென்னை ஜி.பி. ரோட்டில் நல்ல கடையில் பில்லோடு வாங்கினால் தரமான பார்ட்டே கிடைக்கும்.

ஆனால் அதே ஏரியாவில் போலிப் பெட்டியும் கிடைக்கும் என்பதை மறுக்க முடியாது. பேரலில் இருந்து ஊற்றும் ஆயில் எந்த கிரேடு என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். 0டபிள்யூ-20 கேட்கும் புதிய இன்ஜினில் "இந்த வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சரி" என்று 20டபிள்யூ-50 ஊற்றும் பழைய ஆட்களும் உண்டு. அம்பாசிடர் காலத்து அனுபவம் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பில் கிடையாது. "பில் எல்லாம் எதுக்குண்ணே, டாக்ஸ் வேற கட்டணும்" என்பார். கூலிக்கும் பார்ட்ஸுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம் என்று ஓனருக்கும் சந்தோஷம். நாளைக்குத் தகராறு வந்தால் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. வருஷ வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத பட்டறைக்கு ஜிஎஸ்டி பதிவே கட்டாயம் இல்லை. அவர் சாதாரண பில் புக்கில் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, போட்ட பார்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டாலே போதும். இதைக் கேட்பது அவரை நம்பாதது ஆகாது. நல்ல மெக்கானிக்குக்கு அது பெருமைதான்.

வாரண்டி என்கிற பூச்சாண்டி

வெளியில் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கார் கம்பெனிகள் ஒரிஜினல் பார்ட்ஸையும் ஸ்கேனர் கருவிகளையும் வெளிச் சந்தைக்குத் தராமல் பூட்டி வைப்பதாக 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் போனது. விசாரணை விரிந்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். ஒரு பிராண்ட் காரை வாங்கியவர் அதே பிராண்ட் பார்ட்ஸைத்தான் வாங்கியாக வேண்டும், அதனால் அந்தச் சின்ன உலகத்தில் அந்தக் கம்பெனிதான் ராஜா என்பது ஆணையத்தின் வாதம். வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவில் இருந்தது. வெளியில் செய்த வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு வேண்டுமானால் வாரண்டியை மறுக்கலாம். வழக்குகள் அப்பீல்களில் நீண்டன. மூன்று கம்பெனிகளின் அப்பீலில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தது, ஆனால் தப்பு தப்புதான் என்ற முடிவை மாற்றவில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே திறந்தது. அதில் கார்களும் ஒரு பிரிவு.

வெளிநாட்டிலும் இதே பஞ்சாயத்துதான். குறிப்பிட்ட கம்பெனி பார்ட், குறிப்பிட்ட இடத்து சர்வீஸ் என்று காசு வாங்கிக் கொண்டே வாரண்டிக்கு நிபந்தனை போடக் கூடாது என்று அமெரிக்காவில் 1975-லேயே சட்டம் வந்துவிட்டது. கார் விலையோடு மெயின்டனன்ஸ் பிளானையும் சேர்த்தே விற்பது சகஜமாக இருந்த தென்னாப்பிரிக்காவில், 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த போட்டி ஆணைய வழிகாட்டுதல்கள் கார் விலையையும் பிளான் விலையையும் பிரித்துக் காட்டச் சொல்கின்றன. பிளான் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு அங்கே வந்தது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பிளான் முடிந்தாலும் காசு கொடுத்து வாங்கிய எக்ஸ்டெண்டட் வாரண்டி பாக்கி இருக்கலாம். அதன் நிபந்தனைகளைப் படிக்காமல் வண்டியை வெளியே விடுவது புத்திசாலித்தனம் இல்லை. ஆணைய உத்தரவைக் காட்டி கவுன்டரில் சண்டை போடுவது சுலபம் அல்ல, மாதக்கணக்கில் அலைய வேண்டி வரும். வாரண்டியும் முடிந்துவிட்ட வண்டிக்கோ இந்தப் பூச்சாண்டியே கிடையாது. ஆனாலும் ஏழு வருஷக் காரின் ஓனர்கூட "வாரண்டி போயிடுமோ" என்று கேட்பது பெரிய காமெடி.

விற்கும்போது விலை போகுமா?

கம்பெனி ரெக்கார்டு இருந்தால்தான் பழைய காருக்கு நல்ல விலை என்று சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாங்க வருபவர் தேடுவது கம்பெனி முத்திரையையா, நம்பிக்கையையா? ஐந்து வருஷத்து பில்கள் தேதி வாரியாக ஒரு ஃபைலில் இருந்தால் அந்த நம்பிக்கை வந்துவிடும். மாறாக, கம்பெனியில் வருஷம் ஒருமுறை வெறும் ஆயிலை மட்டும் மாற்றிய ரெக்கார்டு நீளமாக இருந்தாலும் பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் அதில் இல்லையென்றால் அது வெறும் காகிதம்.

அப்ப என்னதான் செய்வது?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டேஷ்போர்டு பெட்டியில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கும் மேனுவலை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பின்பக்கத்தில் இருக்கும் மெயின்டனன்ஸ் அட்டவணையைப் படிக்க வேண்டும். 40 பக்க நோட்டு ஒன்றில் கடைசியாக எது எப்போது மாற்றியது, அடுத்து எப்போது என்று எழுத வேண்டும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் குறித்துக் கொள்ளலாம். 2321 என்றால் 2021-ஆம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயசு உண்டு.

அதன் பிறகு வண்டியை எங்கே விட்டாலும் சரி. கம்பெனிக்குப் போனால், நோட்டில் இருக்கும் வேலைகளை மட்டும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, மற்றதற்குக் கேட்காமல் கை வைக்க வேண்டாம் என்று சொல்லலாம். மெக்கானிக்கிடம் போனால், சரியான கிரேடு ஆயிலை சீல் உடைக்காத டின்னாக வாங்கிக் கொடுத்து, பில் வாங்கிக் கொள்ளலாம். ஏர் ஃபில்டர், ஏசி கேபின் ஃபில்டர் மாதிரி வேலையைப் பல கார்களில் வீட்டு வாசலிலேயே பத்து நிமிஷத்தில் காலேஜ் படிக்கும் பிள்ளையே செய்துவிடலாம். சாஃப்ட்வேர், ஏர்பேக் மாதிரி விஷயங்களுக்குக் கம்பெனியே சரி. ஒரே இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று யாரும் தாலி கட்டவில்லையே!

கம்பெனி கட்சியும் வெளி கட்சியும் காலம் காலமாகச் சண்டை போடட்டும். இரண்டு பேரிடமும் நல்ல ஸ்பேனர் இருக்கிறது, இரண்டு பேரிடமும் ஏமாறவும் வழி இருக்கிறது. பிளான் இருந்தவரை கார் எப்போது என்ன கேட்கும் என்று யோசிக்கும் வேலையை ஓனர் காசு கொடுத்து வேறொருவரிடம் விட்டிருந்தார். அந்த வேலை இப்போது வீடு திரும்பியிருக்கிறது. கொல்லிமலையில் கடைசி வளைவு இறங்கும்போது பின்சீட்டில் தூங்கிக் கொண்டிருக்கும் குழந்தைக்கு பிரேக் ஆயிலை எந்தப் பட்டறையில் மாற்றினார்கள் என்பது முக்கியமில்லை. மாற்றினார்களா என்பதுதான் முக்கியம்.